கடைக்கு ஒரு கம்ப்யூட்டர்: நாங்களே பூட்டிய அனுபவம்



மளிகைக் கடைக்காரனுக்குக் கம்ப்யூட்டரைப் பூட்டும் வேலை எதற்கு என்று நம்மில் பலர் கேட்கக்கூடும். நாங்களும் பல ஆண்டுகளாக அப்படித்தான் கேட்டுக் கொண்டிருந்தோம். தராசு பழுதானால் தராசுக்காரர், கம்ப்யூட்டர் பழுதானால் கம்ப்யூட்டர்காரர் என்று இருந்துவிட்டோம். 2024 டிசம்பர் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமையன்று அந்த எண்ணம் மாறியது.

ஃபெஞ்சல் புயல் மழை நமது திருவண்ணாமலையை என்ன பாடுபடுத்தியது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. வ.உ.சி. நகரில் மலைச்சரிவு மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. அதன் முன்னே எங்கள் நஷ்டம் ஒரு பொருட்டல்ல. ஆனாலும் வியாபாரிகளுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறோம். தீபத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு மூன்றே நாள் இருந்தது. கடையில் சரக்கு நிரம்பியிருந்தது. மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. மூன்றாவது முறை வந்தபோது மேசைக்கு அடியில் 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய வாடை, அவ்வளவுதான். யூ.பி.எஸ். பேட்டரி செத்து ஓராண்டு ஆகியிருந்தது. "அப்புறம் மாற்றலாம்" என்று கம்ப்யூட்டரை நேரே சுவர் பிளக்கில் செருகி வைத்திருந்தோம். இது எங்கள் குற்றமே.

பிரித்துப் பார்த்தவர் எஸ்.எம்.பி.எஸ். வெடித்து, மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கின் அடியில் உள்ள பலகையையும் சேர்த்து எரித்துவிட்டது என்றார். எஸ்.எம்.பி.எஸ். என்பது சுவரில் வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றி ஒவ்வொரு உறுப்புக்கும் பங்கிட்டுத் தரும் பெட்டி. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அவசரமாக வாங்கிய கம்ப்யூட்டர் அது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் 500 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. யார் செய்தது என்று பெயர் இல்லை. பின்னால் நல்ல கம்பெனிப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தபோது, இரண்டையும் நம் கடைத் தராசிலேயே வைத்துப் பார்த்தோம். பழையது புதியதில் பாதி எடைகூட இல்லை. உள்ளே இருக்க வேண்டிய செம்புச் சுருளும், கெப்பாசிட்டர்களும், மின் அதிர்ச்சியைத் தாங்கும் உறுப்புகளும் குறைந்தால் எடையும் குறையத்தானே செய்யும்! எடை போட்டே பிழைக்கும் நாம் அன்றைக்கு எடை போட்டுப் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டர் போனால் வேறு வாங்கிக் கொள்ளலாம். போனது கணக்கு. கடைசியாகப் பென்டிரைவில் எடுத்து வைத்த நகல் தீபாவளிக்கு முன்பு எடுத்தது. தீபாவளிச் சரக்குக் கடன், அதற்குப் பின் ஒரு மாத வரவு செலவு, தீபத்துக்காகச் செங்கம், போளூர், வேட்டவலம் பக்கத்துக் கடைகளுக்கு அனுப்பிய சரக்கின் பாக்கி எல்லாம் அந்த டிஸ்க்கோடு போயிற்று. மீட்டுத் தருவதற்குக் கேட்ட தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. மீட்க முடியும் என்ற உறுதியும் யாரும் தரவில்லை.

கடைசியில் கைகொடுத்தது எங்கள் வண்டிக்காரர் பாக்கெட்டில் வைத்திருந்த சிட்டை நோட்டுதான். எந்தக் கடைக்கு எத்தனை மூட்டை இறக்கினார் என்பதைத் தம் கூலிக் கணக்குக்காக எழுதி வைத்திருந்தார். அதை வைத்து மூன்று வாரம் உட்கார்ந்து பேரேட்டைத் திரும்ப எழுதினோம். பெரும்பாலான சில்லறை வியாபாரிகள் தாங்களாகவே வந்து, "அண்ணாச்சி, என் பாக்கி இவ்வளவு" என்று பில்லைக் காட்டிவிட்டுப் போனார்கள். வராதவர்களும் உண்டு. அதைப்பற்றி இங்கே எழுத விரும்பவில்லை.

உறவினர் வீட்டு லேப்டாப் ஒன்றை வைத்துச் சில மாதம் ஓட்டினோம். பிறகு 2025 ஆடி மாதம், கல்யாணச் சரக்கு இல்லாமல் வியாபாரம் சற்று மந்தமாக இருந்த நேரத்தில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தே ஒரு கம்ப்யூட்டரை நாங்களே பூட்டுவது என்று முடிவு செய்தோம். எங்கள் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.தான். துணைக்குக் கல்லூரியில் படிக்கும் பேரன். அவன் படிப்பது வணிகவியல், கம்ப்யூட்டர் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

வெவ்வேறு கம்பெனிகள் செய்த உறுப்புகள் எப்படி ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்ற சந்தேகம் எங்களுக்கு முதலில் இருந்தது. இதைப் படிக்கும் பலருக்கும் இருக்கும். அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு படி, ஊருக்கு ஒரு வீசை என்று இருந்ததை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1956-ஆம் ஆண்டு எடை அளவுச் சட்டத்துக்குப் பின் மெட்ரிக் முறை வந்து, எந்த ஊரிலும் கிலோ என்றால் ஒரே கிலோ என்றாயிற்று. கம்ப்யூட்டரிலும் இதுபோலவே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி 1981 ஆகஸ்டில் தன் பி.சி.யை வெளியிட்டபோது, பெரும்பாலும் வெளிச்சந்தையில் கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டே செய்தது, அதன் உள்ளமைப்பு விவரங்களையும் நூலாக வெளியிட்டது. அடுத்த ஆண்டே காம்பேக் என்ற கம்பெனி அதற்கு ஒத்த மிஷினை அறிவித்தது. அதன் பின் உலகமெங்கும் அதே அளவில் உறுப்புகள் பெருகின. 1995-ல் இன்டெல் கம்பெனி ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறையைக் கொண்டு வந்தது. மதர்போர்டில் திருகு ஓட்டைகள் எங்கே இருக்க வேண்டும், பின்பக்கச் செருகிகளுக்கான இடம் எது என்பதெல்லாம் அதில் வரையறை ஆயின. ஆகவே இன்று தைவானில் செய்த போர்டும் வேறு நாட்டில் செய்த கேபினெட்டும் திருவண்ணாமலையில் ஒன்றாகப் பொருந்துகின்றன.

நம் நாட்டைப் பொறுத்தவரை, 1997-ல் இந்தியா உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்ததும், 2005-க்குள் பல உறுப்புகளுக்குச் சுங்க வரி நீங்கியதும் இந்த வியாபாரத்தைச் சாமானியர் கைக்குக் கொண்டுவந்தன. தமிழ்நாட்டில் அதன் மண்டி எது என்று கேட்டால், சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் அதன் பக்கத்து நரசிங்கபுரம் தெருவுமே. ரேடியோ உதிரி உறுப்புகளில் தொடங்கி டி.வி., கம்ப்யூட்டர், செல்போன் என்று காலத்துக்கேற்ப மாறிவந்த கடைத்தெரு அது. நம் ஊரிலும் உறுப்புகள் கிடைக்கின்றன. ஆனால் நாலு கடை ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சென்னைக்குப் பஸ் ஏறினோம்.

போகும் முன் பட்டியல் எழுதிக் கொண்டது நல்லதாயிற்று. இல்லாவிட்டால் அந்தத் தெருவில் நம் தலையில் எதையும் கட்டிவிடுவார்கள். குற்றம் சொல்லவில்லை, கேட்பவனுக்கே என்ன வேண்டுமென்று தெரியாவிட்டால் நாமும் நம் கடையில் நின்றுபோன சரக்கைத்தானே முதலில் காட்டுவோம்!

பில் போடவும், டாலியில் கணக்கு எழுதவும், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்யவும் பெரிய மிஷின் வேண்டியதில்லை. பிராசசர் என்கிற மூளைக்கு நாங்கள் எடுத்தது இன்டெல் ஐ3-12100. 2022-ல் வந்தது, நாலு கோர் உள்ளது. இங்கே ஒரு எழுத்தைக் கவனிக்க வேண்டும். அதே எண்ணின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் விலை சற்றுக் குறைவு. மலிவாக இருக்கிறதே என்று வாங்கினால் அதில் படம் காட்டும் பகுதி இருக்காது. தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்கினால்தான் திரையில் ஏதேனும் தெரியும். ஒரு கடையில் அந்த எஃப் வகையையே எங்களுக்குக் காட்டினார்கள். பேரன் கண்டுபிடித்தான். ஏ.எம்.டி. கம்பெனியிலும் ரைசன் 5 5600 என்பதற்கும் 5600ஜி என்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுவே. ஜி இருந்தால் படம் உண்டு.

மதர்போர்டு அந்தப் பிராசசருக்கு ஏற்ற எச்610 வகை. இதில் டி.டி.ஆர்.4 ராம் ஏற்பதும் உண்டு, டி.டி.ஆர்.5 ஏற்பதும் உண்டு. இரண்டுக்கும் நடுப்பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றில் மற்றது நுழையாது. பலம் கொடுத்து அழுத்தினால் இரண்டும் கெடும். நாங்கள் டி.டி.ஆர்.4 போர்டும் 8 ஜி.பி. ராம் ஒன்றும் வாங்கினோம். இன்னொரு 8 ஜி.பி. போட இடம் காலியாக இருக்கிறது, கார்த்திகைக்குள் வாங்கிக் கொள்ளலாம் என்று விட்டோம். இதில் எங்கள் வியாபாரப் புத்தி தோற்றது. செயற்கை அறிவுக்கென்று உலகெங்கும் கட்டும் பெரிய கம்ப்யூட்டர் நிலையங்கள் மெமரிச் சரக்கை வாரிக்கொண்டு போனதில், 2025 கடைசி மாதங்களில் ராம் விலை எகிறிவிட்டது. ஆடியில் கேட்ட விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கார்த்திகையில் சொன்னார்கள். துவரம் பருப்பு விலை ஏறும் என்று முன்கூட்டியே மோப்பம் பிடிக்கத் தெரிந்த எங்களுக்கு இது தெரியவில்லை. அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. பில் போடுவதற்கு 8 ஜி.பி. போதுமாகவும் இருக்கிறது.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று. சூயிங்கம் பட்டை அளவுதான் இருக்கும், போர்டிலேயே சாய்வாகச் செருகி ஒரு சிறு திருகால் இறுக்க வேண்டும். அந்தத் திருகு கடுகு அளவு. கடையில் கீழே விழுந்தால் கடுகு மூட்டையில் தேட வேண்டியதுதான்.

எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் மட்டும் பேரம் பேசவில்லை. பெயருள்ள கம்பெனி, 450 வாட், '80 பிளஸ்' முத்திரை உள்ளது. இந்த முத்திரை உள்ளே போகும் மின்சாரத்தில் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாமல் பயனாக வெளிவரும் என்பதற்கான சான்று. மீதிதான் சூடாக வீணாகும். பிராசசரைப் பொறுத்தவரை பெட்டியோடு வருவது ஒன்று, பெட்டியில்லாமல் தட்டில் வருவது ஒன்று. பெட்டியோடு வருவதற்கு இன்டெல் கம்பெனியின் மூன்றாண்டு வாரண்டி உண்டு, விசிறியும் உள்ளேயே இருக்கும். தட்டுச் சரக்குக்கு விற்றவர் சொல்லே வாரண்டி.

ஒவ்வொரு உறுப்புக்கும் நம் ஜி.எஸ்.டி. எண் போட்டு, சீரியல் எண்ணும் எழுதிய பில் வாங்க வேண்டும். "பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்று ஓரிடத்தில் சொன்னார்கள். 18 சதவீத வரியை உள்ளீட்டு வரி வரவாக நாம் எடுத்துக் கொள்ளும்போது அந்தக் குறைப்பால் நமக்கு லாபம் ஏதுமில்லை, வாரண்டியும் போய்விடும். காம்போசிஷன் திட்டத்தில் உள்ள வியாபாரிகளுக்கு இந்த வரவு கிடையாது. வரவு எடுத்தவர்கள் அந்த வரித் தொகையையும் சேர்த்துத் தேய்மானம் காட்டக் கூடாது என்பதை ஆடிட்டர் சொன்னார். வருமான வரியில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம்.

இனி பூட்டிய கதை. கடையில் வேண்டாம், மிளகாய்த் தூள் பறக்கும் என்று வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். தேவைப்பட்ட ஆயுதம் காந்த முனையுள்ள ஒரு நட்சத்திரத் திருப்புளி மட்டுமே. உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கும் என்பதால் அடிக்கடி கேபினெட்டின் வெறும் இரும்பைத் தொட்டுக் கொண்டோம்.

பயந்து செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று, பிராசசரை உட்கார வைப்பது. போர்டில் உள்ள குழியில் 1,700 நுண்ணிய ஊசிகள் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் போர்டு போயிற்று, வாரண்டியும் தரமாட்டார்கள். நெம்புகோலைத் தூக்கி, பிராசசரின் மூலையில் உள்ள முக்கோணக் குறியைப் போர்டில் உள்ள குறியோடு சேர்த்து, குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் விட வேண்டும். அழுத்தவே கூடாது. பிறகு நெம்புகோலை இறக்கும்போது 'கிரிச்' என்று சத்தம் வரும், கை நடுங்கும், பரவாயில்லை. மேலே இருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானே தெறித்து வரும். அதைப் பத்திரப்படுத்த வேண்டும், பின்னால் போர்டை வாரண்டிக்கு அனுப்பினால் அதைக் கேட்பார்கள். விசிறியின் அடியில் சாம்பல் நிறப் பசை ஏற்கனவே தடவியிருக்கும். ஆகவே தனியாகத் தடவத் தேவையில்லை. விரலால் தொடாமல் இருந்தால் போதும். விசிறியின் நாலு காலையும் எதிரெதிர் மூலையாக அழுத்த வேண்டும்.

போர்டைக் கேபினெட்டில் வைக்கும் முன், அடியில் சிறு பித்தளைத் தூண்கள் திருகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவை போர்டின் அடிப்பக்கம் இரும்பில் படாமல் தூக்கி நிறுத்துபவை. மறந்துவிட்டால் சுவிட்சைப் போட்ட நொடியில் ஷார்ட் ஆகும். மற்ற இணைப்புகள் எல்லாம் ஒரே பக்கம்தான் நுழையும்படி அமைந்தவை. பவர் பட்டன், விளக்கு ஆகியவற்றுக்கான பொடி ஒயர்கள் மட்டும் கண்ணுக்குச் சோதனை. போர்டுப் புத்தகத்தில் படம் இருக்கிறது. எங்களுக்கு மூக்குக் கண்ணாடியோடு பூதக்கண்ணாடியும் வேண்டியிருந்தது.

மூன்று மணி நேரத்தில் முடித்து, விநாயகரை வேண்டிக் கொண்டு சுவிட்சைப் போட்டோம். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரையில் ஒன்றுமில்லை. ராமைக் கழற்றி மாட்டினோம். மானிட்டர் ஒயரை மாற்றினோம். இல்லை. மனதுக்குள் பணத்தைக் கூட்டிக் கழிக்க ஆரம்பித்துவிட்டோம். வீட்டில் வேறு, "கம்ப்யூட்டர்காரரிடம் கொடுத்திருக்கலாம்" என்று காதில் விழும்படிச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பேரன் போர்டின் மேல் மூலையில் எட்டு ஓட்டையுள்ள ஒரு செருகி காலியாக இருப்பதைக் காட்டினான். 24 முள் உள்ள பெரிய இணைப்பைக் கொடுத்திருந்தோம். பிராசசருக்கென்று தனியாக எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் எட்டு முள் இணைப்பைக் கொடுக்கவில்லை. உடம்புக்கு மின்சாரம் போயிற்று, மூளைக்குப் போகவில்லை. அதைச் செருகியதும் திரை விழித்தது. முதல் முறை பூட்டுபவர்களில் பலரும் செய்யும் தவறு இதுதான் என்று பின்னால் தெரிந்து கொண்டோம்.

விண்டோஸ் 11 போட்டோம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கம்பெனியின் வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. பழைய கம்ப்யூட்டரில் அதை வைத்துக் கொண்டு பேங்க் வேலையும் ஜி.எஸ்.டி. வேலையும் செய்பவர்கள் கவனிக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்கு லைசென்ஸ் எண் என்று விற்பதை நம்ப வேண்டாம், நாளைக்கே செல்லாமல் போகலாம். தமிழ் தட்டச்சுக்கு, அரசு 1999-ல் ஏற்ற தமிழ்99 விசைமுறை விண்டோசிலேயே இருக்கிறது. தனி சாப்ட்வேர் வாங்கவில்லை. எங்கள் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் அகலமான ஒயருக்குப் புதிய போர்டில் இடமில்லாததால், யூ.எஸ்.பி.க்கு மாற்றும் ஒயர் தனியாக வாங்க வேண்டியிருந்தது. கார்பன் பிரதி வேண்டியவர்கள் இதை முன்பே விசாரித்துக் கொள்ளவும்.

மின்சாரத்துக்கு வருவோம். நம் மாடவீதிப் பக்கத்துப் பழைய கட்டிடங்கள் பலவற்றில் மூன்று ஓட்டைப் பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எங்கள் கடையிலும் அதே கதைதான். எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்து, கொல்லையில் குழி தோண்டி உப்பும் கரியும் இட்டு எர்த் கம்பி இறக்கினோம். கோடையில் அந்தக் குழிக்கு அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறோம். யூ.பி.எஸ். 600 வி.ஏ. வாங்கினோம். 600 வி.ஏ. என்பது 600 வாட் அல்ல, சாதாரணமாக 360 வாட் அளவே தாங்கும். பில் போடும் கம்ப்யூட்டரும் திரையும் சேர்ந்தே நூறு வாட்டுக்குள் அடங்குவதால் இது போதும். லேசர் பிரிண்டரை அதில் செருகக் கூடாது. பேட்டரி இரண்டு மூன்று ஆண்டில் போய்விடும். வாங்கிய தேதியைப் பெட்டியின் மேல் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறோம்.

மளிகைக் கடையில் இன்னொரு எதிரி தூசி. கோணி நார், மாவு, மல்லித் தூள், காலையும் மாலையும் ஏற்றும் சாம்பிராணிப் புகை எல்லாம் விசிறி வழியே உள்ளே போய்க் கம்பளி போல் படியும். கம்ப்யூட்டரைத் தரையில் வைக்காமல் இரண்டடி உயரத்தில் பலகை அடித்து வைத்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே கொண்டுபோய், விசிறி சுற்றாதபடி விரலால் பிடித்துக் கொண்டு, புளோயரால் ஊதுகிறோம். பின்பக்கத்தில் கார்டு இல்லாத ஓட்டைகளைத் தகடு போட்டு மூட வேண்டும். பருப்பு இருக்கும் இடத்தில் எலி இருக்கும், திறந்த ஓட்டை இருந்தால் குடியேறிவிடும்.

கணக்கு நகல்தான் எல்லாவற்றிலும் பெரிது. இப்போது இரண்டு பென்டிரைவ், ஒற்றை நாளுக்கு ஒன்று, இரட்டை நாளுக்கு ஒன்று. இரவு கல்லாவைப் பூட்டும் முன் நகல் எடுத்து, பென்டிரைவைக் கழற்றி, கல்லாப் பணத்தோடு வீட்டுக்குப் போகிறது. செருகியபடியே விட்டால், மின்சாரமோ வைரஸோ கம்ப்யூட்டரைத் தாக்கும்போது அதையும் சேர்த்துத் தாக்கும். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து, நாலு பேர் பாக்கியைப் பேரேட்டோடு ஒத்துப் பார்க்கிறோம். முதல் மாதம் ஒத்துப் பார்த்தபோது ஒரு பென்டிரைவ் திறக்கவேயில்லை, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கினோம். வண்டிக்காரருக்கும் ஆண்டுக்கு இரண்டு புதிய சிட்டை நோட்டு எங்கள் செலவில் வாங்கித் தருகிறோம்.

2025 டிசம்பர் 3-ஆம் தேதி தீபத்தன்று, காலையிலிருந்து நாலு முறை மின்சாரம் விட்டு வந்தது. யூ.பி.எஸ். கத்தியது, பில் நிற்கவில்லை.

மொத்தச் செலவு, திரையும் யூ.பி.எஸ்.ஸும் நீங்கலாக, முப்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டியது. ரெடிமேடாக வாங்கியிருந்தாலும் ஏறக்குறைய இதே அளவுக்கு வந்திருக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பில்கள், உறுப்புகளின் பட்டியல், எரிந்துபோன பழைய எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் கடையில் இருக்கின்றன. பார்க்க விரும்பும் வியாபாரிகள் பௌர்ணமி நாள் தவிர மற்ற நாட்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் வரலாம். பக்கத் தகட்டைக் கழற்றிக் காட்டுகிறோம். பேரன் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இருப்பான்.